தொண்ணூற்றேழில் நின்ற பட்டை

வரவேற்பு மேசைப் பெண் கணினியில் எதையோ தட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி, ஒரு கையில் தேநீர்க் குவளையும் மறு கையில் ஸ்டாப்வாட்சுமாகப் பட்டையக்கா நிற்கிறார். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். நான்காவது நொடியில் பெண் மூக்கைச் சொறிகிறாள். ஏழாவது நொடியில் கண் திரையை விட்டு நகத்துக்குப் போகிறது. பதினொன்றாவது நொடியில் கை தானாகக் கைப்பேசிப் பக்கம் நகர, பட்டையக்கா 'டக்' என்று ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார்.

"பதினொண்ணு தாங்குற. போன மாசம் ஒம்பதுதான். தேறிட்ட போ."

"காலங்காத்தால உங்களுக்கு நாந்தான் கெடச்சேனாக்கா?" என்று அந்தப் பெண் சிரிக்கிறாள். அக்கா கைப்பையிலிருந்து மூலை மடங்கிய குட்டி நோட்டை எடுத்து 'பதினொன்று' என்று எழுதிக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போகிறார்.

ஸ்கேன் மையங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன நிறுவனம் அது. மூன்றாவது மாடி, பதினாலு பேர், ஒரே ஒரு நல்ல ஜன்னல். பதினாலு பேரில் ஒருவர் படங்களைச் சேமிக்கும் பகுதியை எழுதுகிறார், ஒருவர் அச்சிடும் பகுதியை. ஐம்பத்தொரு வயதுப் பட்டையக்கா எழுதுவது பட்டை. கணினி ஏதோ வேலையில் மூழ்கியிருக்கும்போது, எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டுவதற்கு இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டே போகுமே, அந்தப் பட்டை. கூடவே சுற்றிச் சுற்றி வரும் வளையம், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்ற வரி, 'ரத்து' என்ற பொத்தான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், "இதுக்குன்னு ஒரு ஆளா?" என்று முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் எழுதிய பட்டை எங்காவது நட்டாற்றில் நின்றுபோகும். அப்போது அவர்களே அக்காவின் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள்.

அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிக் கேட்பார்: "வேலை செய்யற ஆளயே பதில் சொல்லவும் விட்டியா?" இது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. திரையைக் கவனித்துக்கொள்ளும் அதே ஓட்டத்தில் பெரிய வேலையையும் ஏற்றிவிட்டால் வேலை முடியும்வரை திரை உறைந்துபோகும். பட்டை அசையாது, ரத்துப் பொத்தான் அமுங்காது. "அடுப்புல நிக்கறவளே வாசலுக்கும் ஓடணும்னா ரெண்டும் தீஞ்சு போயிடும். பெரிய வேலைய ஒரு ஓரமா தனியா ஓட விடு. அது அப்பப்ப வந்து 'இவ்வளவு ஆச்சு'ன்னு சொல்லிட்டுப் போகட்டும். திரை எப்பவும் கை காலியா இருக்கணும், கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும்." கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இதற்குள் பாதி விளங்கிவிடும். மீதியை அக்காவே பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக் காட்டுவார்.

அவர் பார்த்த பட்டைகளின் கதைகளைக் கேட்கத் தனியாக ஒரு மதிய இடைவேளை வேண்டும். நூறு கோப்புகளை நகலெடுக்கும் ஒரு பட்டையை யாரோ கோப்புக்கு ஒரு பங்கு என்று எழுதிவைத்தார்களாம். தொண்ணூற்றொன்பது கோப்புகள் துக்கடா, நூறாவது பூதம். பட்டை கண்மூடித் திறப்பதற்குள் தொண்ணூற்றொன்பதுக்கு ஓடிப்போய் அங்கேயே இருபது நிமிடம் குந்திக்கொண்டதாம். "கடுகையும் பூசணிக்காயையும் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா அப்படித்தான் ஆகும். எடை போட்டுல்ல எண்ணணும்?" இன்னொரு பட்டை பாதி வழியில் தன் கணக்கைத் திருத்திக்கொண்டு அறுபதிலிருந்து நாற்பதுக்குப் பின்வாங்கியது. அந்த மென்பொருளை வாங்கியவர்கள் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "நிக்கற பட்டையக்கூட மனுஷன் பொறுத்துக்குவான். பின்னால போற பட்டைய ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்" என்பது அக்காவின் கட்சி.

இத்தனை பட்டை எழுதும் இந்த மனுஷியின் வாயிலிருந்து ஒரு நேரத்தை மட்டும் வாங்கவே முடியாது. 'அஞ்சு நிமிஷம்', 'இதோ வந்துட்டேன்', 'இன்னும் கொஞ்ச நேரம்' எதுவும் கிடையாது. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பவர் அவருக்கு எதிர் மேசை. அக்காவைவிட இரண்டு வயது சின்னவர், நல்ல பசிக்காரர். மதியம் ஒரு மணிக்கு அவர் டிபன் டப்பாவைத் தட்டுவார்.

"அக்கா, சாப்பிடப் போலாமா? எவ்வளவு நேரமாகும்?"

"நாலுல மூணு முடிஞ்சது. நாலாவது எவ்வளவு நேரம்னு தெரியல."

"என் வயித்துக்கு இத எப்படிக்கா சொல்றது?"

"தெரியலன்னே சொல்லு. அது புரிஞ்சுக்கும்."

சோதனைக்காரரின் வயிறு இன்றுவரை புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. அவர் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

வீட்டில் இந்த வியாதிக்கு நேர்மாறான ஒருவரோடு அக்கா இருபத்தைந்து வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார். கணவர் தையற்காரர். "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பதைத் தவிர வேறு வாக்கியம் அவர் கடையில் யாரும் கேட்டதில்லை. ஒரு தடவை அக்கா மனம் பொறுக்காமல் ஒரு பலகை செய்து கடையில் மாட்டினார். ஒவ்வொரு துணிக்கும் நான்கு கட்டம்: வெட்டியது, தைத்தது, பொத்தான் வைத்தது, தேய்த்தது. எந்தக் கட்டம் முடிந்ததோ அதில் ஒரு புள்ளி. மூன்றே நாள். 'நேற்றே தைத்தாயிற்று' என்று சொல்லப்பட்ட சட்டைகள் இன்னும் வெட்டவே படவில்லை என்பது தெருவுக்கே தெரிந்துபோயிற்று. "பொய் சொல்லி மானமா பொழைச்சுக்கிட்டிருந்தேன். மூணே நாள்ல சந்தி சிரிக்க வச்சுட்டா" என்று பலகையைக் கழற்றிய தையற்காரர் இன்றும் அதில் வைத்துத்தான் துணி வெட்டுகிறார்.

அக்கா எப்போதுமே இப்படி இருந்தவர் இல்லை. நேரம் சொல்வதில் அவரைப் போல ஒரு காலத்தில் கைதேர்ந்தவர் யாருமில்லை. அதைக் கேட்டு நம்புவதற்கென்றே ஒருத்தி இருந்தாள்.

தங்கை. ஏழு வயது இளையவள். அப்பாவுக்குத் தொலைவிலிருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை. மாதத்துக்கு ஒரு முறை அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆறு மணி நேரப் பேருந்துப் பயணமாக அவரைப் பார்க்கப் போவார். வண்டி கிளம்பியதும் அம்மாவுக்குத் தலை சுற்றும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சாய்ந்துவிடுவார். அப்புறம் தங்கையின் பொறுப்பு முழுக்க அக்காவுடையது. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே ஆரம்பித்துவிடுவாள். "இன்னும் எவ்வளவு நேரம்?" அக்கா சொல்வார், "இன்னும் கொஞ்ச நேரந்தான்." கால் மணி கழித்து மறுபடியும் "இன்னும் எவ்வளவு நேரம்?" மறுபடியும் "இன்னும் கொஞ்ச நேரந்தான்." ஆறு மணி நேரமும் அந்த ஒரே பதிலை நம்பி, அக்காவின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கி, இறங்கும்போது "சொன்ன மாதிரியே வந்துடுச்சே" என்பாள். அப்படி நம்புகிற ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் பொய் சொல்ல வராது?

நான்கு வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. அக்கா ஆஸ்பத்திரியில். தங்கை வேறு ஊரில், ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை. ரயிலில் எட்டு மணி நேரம். காலையில் டாக்டர் வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கஷ்டந்தாம்மா. வர வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். அடுத்த நிமிடமே தங்கையின் அழைப்பு. "எப்படி இருக்கு? இன்னும் எவ்வளவு நேரமாகும்?" அவள் ரயில் நிலையத்தில் நிற்கிறாள், மாற்று உடைகூட இல்லாமல், தனியாக. எட்டு மணி நேரம் அழுதுகொண்டு வருவாளே என்று அக்காவுக்கு நெஞ்சு பதறியது. வாய் பழைய பதிலைத் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரந்தான், முடிஞ்சுடும். நீ பதறாம வா."

தங்கை பதறவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பையில் துணி எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வந்தாள். மாலை ஐந்தரைக்கு அம்மா போனார். அதற்கு முன் இரண்டு தடவை, "சின்னவ எங்க?" என்று கேட்டார். தங்கை படியேறி வந்தபோது மணி ஏழு. முதல் ரயிலில் ஏறியிருந்தால் நான்கரைக்கே வந்திருப்பாள். அன்று அவள் அழவில்லை. பதினாறாம் நாள் கிளம்பும்போதுதான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா முதல் வண்டியில ஏறியிருப்பேன். நீ சொன்ன கொஞ்ச நேரத்த நம்பித்தானே பை எடுக்கப் போனேன்?" அதுதான் கடைசிப் பேச்சு.

அக்கா வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்ப்பார். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகும்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், புதிதாக மென்பொருள் வாங்கிய ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து பயிற்சித் தாள்கள் அலுவலகத்துக்கு வந்தன. பயிற்சி எடுத்தவர்கள் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்ட தாள்கள். அதிலொரு கையெழுத்தின் கடைசி எழுத்துக்குக் கீழே தேவையில்லாமல் ஒரு வால். அக்காவுக்குப் பெயரைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்த வாலைப் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். தங்கை இதே ஊருக்கு மாற்றலாகி வந்து, பேருந்தில் ஏழு நிறுத்தம் தள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மையத்துக்குக் கொடுத்த எண் நாற்பத்தொன்று.

ஒவ்வொரு யந்திரமும் முந்தைய நாள் நடந்ததைக் காலையில் ஒரு குறிப்பாக அலுவலகத்துக்கு அனுப்பும். நோயாளி பெயரோ நோயோ அதில் இருக்காது. எந்தக் கட்டம் எத்தனை நொடி எடுத்தது, யார் பணி நேரம், ரத்துப் பொத்தான் எப்போது அமுக்கப்பட்டது, அவ்வளவுதான். அறுபத்து மூன்று யந்திரங்களின் குறிப்புகளையும் பார்ப்பது அக்காவின் வேலை. அறுபத்திரண்டை அவர் வேலையாகப் பார்க்கிறார். நாற்பத்தொன்றைக் கடைசியில், தேநீர் குடித்தபடி, வரி வரியாகப் படிக்கிறார். எட்டு ஐந்துக்கு முதல் ஸ்கேன்: இன்று நேரத்தோடு வந்துவிட்டாள். மூன்று நாளாக அவள் பணி நேரத்தில் வேறு ஆள்: காய்ச்சலாக இருக்குமோ? நான்காம் நாள் திரும்பியிருக்கிறாள், ஆனால் ஸ்கேனுக்கு ஸ்கேன் இடைவெளி அதிகம்: உடம்பு இன்னும் தேறவில்லை. தங்கை சாப்பிட்டாளா, மெலிந்தாளா, தலை நரைத்திருக்கிறதா என்று நொடிக்கணக்கைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தால் அதையும் கண்டுபிடித்திருப்பார்.

"நாப்பத்தொண்ணுல யாருக்கா?" என்று ஒரு நாள் சோதனைக்காரர் கேட்டார்.

"என் தங்கச்சி."

"ஏழு ஸ்டாப்புதானே? ஒரு நடை போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானே?"

போயிருக்கிறார். இரண்டு தடவை. வாசல்வரை போய், எதிர்ப்பக்கக் கடையில் வேண்டாத ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். "மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா அப்புறம் இந்தக் குறிப்பக்கூட என்னால பாக்க முடியாதுப்பா" என்றார். அக்காவுக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். ஏக்கத்தைச் சொல்ல அவரிடம் இதைவிட நீளமான வாக்கியம் எதுவும் இல்லை.

போன மாதம் வந்தது வினை. ஸ்கேன் எடுத்த பிறகு நான்கு கட்டங்கள் உண்டு. படங்களை வாங்குவது, சரிபார்ப்பது, வரிசையாக அடுக்குவது, ஒன்றோடொன்று சேர்ப்பது. முதல் மூன்றுக்கும் பட்டை கணக்காக நகரும். நான்காவதுதான் சண்டி. படுத்திருப்பவர் எவ்வளவு மூச்சு விட்டார், எவ்வளவு அசைந்தார் என்பதைப் பொறுத்து அது அரை நிமிடத்திலும் முடியும், ஆறு நிமிடமும் இழுக்கும். முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை. அதுவரை அந்த மனிதர் யந்திரத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்தக் கட்டத்துக்கு அக்கா ஒரு சுழலும் வளையத்தை மட்டும் வைத்திருந்தார். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தால் யந்திரம் செத்துப்போனதாக நினைத்துப் பலரும் ரத்தை அமுக்கினார்கள். அமுக்கினால் எல்லாம் போயிற்று. முதலிலிருந்து படம் எடுக்க வேண்டும்.

மேலாளர் நல்ல மனிதர்தான். அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"அம்மா, ஒரு ஓட்டம் இருக்கணும். சும்மா சுத்திக்கிட்டிருந்தா ஜனங்க பயப்படுறாங்க. பட்டையாவே காட்டுங்க. மெதுவா போகட்டும்."

"எவ்வளவு ஆகும்னு தெரியாம எதக் காட்டுறது சார்?"

"எதயாவது காட்டுங்க. தொண்ணூறுவரைக்கும் ஓடட்டும், அப்புறம் ஊர்ந்துக்கிட்டே இருக்கட்டும். எல்லாரும் அப்படித்தானேம்மா செய்யறாங்க?"

எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா இரண்டு நாள் முரண்டு பிடித்தார். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்பது வரிகூட இல்லை. கடிகாரத்தைப் பார்த்து நகரும் பட்டை; உள்ளே நடக்கும் வேலைக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. தொண்ணூற்றைத் தொட்டதும் வேகம் குறையும், தொண்ணூற்றேழில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வேலை முடிந்ததும் நூறுக்குத் தாவும். அந்தக் கோப்புக்கு அவர் 'கொஞ்சநேரம்' என்று பெயர் வைத்தார். மேலாளர், "என்னம்மா பேரு இது?" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

பட்டை வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரே வாரத்தில் புகார்கள் நின்றன. அறுபத்திரண்டு யந்திரங்களில் ரத்துகள் பாதிக்கும் கீழே வந்தன. மேலாளர் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார்.

நாற்பத்தொன்றில் ரத்துகள் இரண்டு மடங்காயின. அக்கா குறிப்பைப் படித்தார். திங்கள்கிழமை, தொண்ணூற்றேழில் ரத்து. புதன்கிழமை, தொண்ணூற்றேழில் ரத்து. வெள்ளிக்கிழமை காலை ஒன்று, மதியம் ஒன்று. எல்லாமே தங்கையின் பணி நேரம். வேலை நின்ற இடத்தை வைத்து அதில் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னும் நான்கு நொடி பொறுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான்கு நொடிக்கு முன்னால் அவள் நம்பிக்கை தீர்ந்துபோயிருக்கிறது. யாரோ ஒருவர் மறுபடியும் முதலிலிருந்து யந்திரத்துக்குள் போய்ப் படுத்திருக்கிறார்.

"ஊரே நம்புது. அவளுக்கு மட்டும் தெரியுது" என்றார் அக்கா, குவளையை மேசையில் வைக்கக்கூடத் தோன்றாமல். "என் பொய் அவளுக்குத் தெரியாதா? அவ அதுலயே வளந்தவ."

சோதனைக்காரர் அன்றைக்கு மதியம் டிபன் டப்பாவைத் தட்டவில்லை.

அன்று மாலையே அக்கா அந்த நாற்பது வரியைத் தூக்கிவிட்டு வேறு ஒன்று எழுதினார். பட்டை இல்லை. சேர்ந்து முடிந்த படங்களின் எண்ணிக்கை மட்டும். மொத்தம் எத்தனை என்ற பேச்சே இல்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். அதன் கீழே மூன்று சின்ன வாக்கியங்கள்: 'படங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நின்றுவிடவில்லை.'

மேலாளர் திரையை வெகுநேரம் பார்த்தார். "'எனக்குத் தெரியாது'ன்னா யாருக்கும்மா? மெஷினுக்கா?"

"எழுதினவளுக்கு."

"கஸ்டமர் சண்டைக்கு வருவாங்களே."

"ஒரே ஒரு யந்திரத்துல போட்டுப் பாக்கலாம் சார். நாப்பத்தொண்ணுல. அங்கதான் ரத்து அதிகமா இருக்கு."

புதிய பதிப்பை ஓர் இடத்தில் முதலில் போட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கம். போட்ட மறுநாள் காலையில் ஒருவர் அங்கே போய், பயன்படுத்துகிறவரின் பின்னால் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். எப்போதும் போகிறவர் சோதனைக்காரர். இந்தத் தடவை அவருக்குத் திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது. "அக்கா, நீங்களே போயிட்டு வந்துடுங்களேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சொன்னார்.

ஸ்கேன் மையத்தின் உள்ளறை சின்னது. ஒரு மேசை, இரண்டு திரைகள், ஒரு மைக், சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யந்திரம். அதன் வளையத்துக்குள் ஒரு பெரியவர் படுத்திருந்தார், இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. இந்தப் பக்கம் சக்கரம் வைத்த ஸ்டூலில் கதவுக்கு முதுகைக் காட்டித் தங்கை உட்கார்ந்திருந்தாள். பின்னந்தலையில் நரை இருந்தது. குறிப்புகளில் இல்லாத செய்தி. மெலிந்தும் இருந்தாள். வரவேற்பில் வழி சொல்லி அனுப்பிய பெண், "கம்பெனியிலேருந்து பாக்க வந்திருக்காங்க" என்று கதவருகில் குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தங்கை திரும்பாமலே தலையை ஆட்டினாள். நான்காவது கட்டம் தொடங்கியிருந்தது.

அக்கா கதவை ஒட்டி நின்றார். முகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்; நின்ற இடத்திலிருந்து முகம் தெரியவில்லை. ஸ்டாப்வாட்ச் கைக்குள் இருந்தது. அமுக்க மறந்துவிட்டார்.

ஒலிபெருக்கியில் பெரியவரின் குரல் கேட்டது. "ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

தங்கை மைக்கை அமுக்கினாள். "இன்னும் கொஞ்ச நேரந்தான்யா. அப்படியே இருங்க."

அதே சொற்கள், அதே இழுவை. பேருந்தில் எச்சில் வடியத் தூங்கியவள் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பயந்துபோய்ப் படுத்திருக்கும் மனிதருக்கு வேறு என்னதான் சொல்வது? அவள் வாயிலும் அதுதான் வருகிறது.

திரையில் எண்கள் ஏறின. எண்பத்தாறு. எண்பத்தேழு. தங்கையின் வலக் கை சுட்டியின் மேல் இருந்தது. அம்புக்குறி ரத்துப் பொத்தானின் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டு நிமிடம் போனது. பாதங்கள் இரண்டும் லேசாக அசைந்தன.

"முடியலம்மா. எவ்வளவு நேரம்னு சொல்லேன்."

தங்கை மைக்கை அமுக்கினாள். முன்னால் குனிந்து அந்த மூன்று வாக்கியங்களையும் படித்தாள். மறுபடியும் படித்தாள் போலிருந்தது. பிறகு மெதுவாக, "தெரியலய்யா" என்றாள். "எனக்கே தெரியல. ஆனா வேலை நடந்துக்கிட்டிருக்கு, நிக்கல. நான் இங்கயேதான் இருக்கேன்."

"சரிம்மா" என்றது ஒலிபெருக்கி. பாதங்கள் அசைவதை நிறுத்திக்கொண்டன.

தங்கை நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது எதிர்க் கண்ணாடியில், பெரியவரின் பாதங்களுக்கு மேலே, கதவை ஒட்டி நிற்கும் உருவம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோள்கள் அப்படியே நின்றன. திரும்பவில்லை. நூற்றிரண்டு, நூற்றுமூன்று என்று எண் ஏறிக்கொண்டிருந்தது. சுட்டியிலிருந்து அவள் கை மெல்ல எழுந்து மடிக்கு வந்தது.

"இத யாரு எழுதினது?"

"நாந்தான்."

கண்ணாடியைப் பார்த்தபடியே, அக்காவிடம் நான்கு வருடமாகக் கேட்காத அந்தப் பழைய கேள்வியைத் தங்கை கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

அக்காவின் வாய்க்குள் பழைய பதில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"தெரியலடி."

தங்கை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் மேசைக்கு அடியில் காலை நீட்டி, அங்கே கிடந்த இன்னொரு ஸ்டூலைப் பாதத்தால் கொக்கி போட்டு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினாள்.